பொன்விழாப் பதிப்பில் 'டியூபுலர் பெல்ஸ்' தொகுப்பை மீளக் கேட்கும் முறை

ஆங்கில இசைக்கலைஞர் மைக் ஓல்ட்பீல்டின் 'டியூபுலர் பெல்ஸ்' 1973 மே 25 இல், வேர்ஜின் நிறுவனத்தின் முதல் இசைத்தட்டாக வெளிவந்தது. அதன் பொன்விழாப் பதிப்பு 2023 மே மாதம் வந்தது. வாங்குமுன் எதை வாங்குகிறோம் என்று பார்த்துக்கொள்வது அவசியம். 2003 இல் வந்தது, ஓல்ட்பீல்ட் முழுவதையும் மீண்டும் வாசித்துப் பதிந்த வேறொரு தொகுப்பு. 2009 இல் வந்தது, பழைய நாடாக்களிலிருந்து அவரே செய்த மறுகலவை (ரீமிக்ஸ்). பொன்விழா இசைத்தட்டோ, லண்டனின் ஆபி ரோட் கலையகத்தில் ஒலிப்பொறியாளர் மைல்ஸ் ஷோவெல் அரைவேகத்தில் வெட்டியது. ஒலியும் வெட்டும் எந்திரமும் பாதி வேகத்தில் ஓடுவதால், நுண்ணிய உச்ச ஒலிகளைச் செதுக்க ஊசிக்கு இருமடங்கு நேரம் கிடைக்கிறது.

இசை மிக மெல்லத் தொடங்குவதால், கேட்கும் வேளையைக் கவனமாகத் தெரிவுசெய்ய வேண்டும். திருகோணமலையில் டைக் வீதியிலோ உப்புவெளியிலோ கடலோரமாக வசிப்பவர்களுக்கு வாடைக்காலத்தில் அலையிரைச்சலே தொடக்கத்தை விழுங்கிவிடும். கச்சான் வீசும் மாதங்களில் கடல் அடங்கியிருந்தாலும், வெக்கைக்காகப் போடும் காற்றாடி அதே வேலையைச் செய்யும். ஆகவே இரவு பிந்திய நேரத்தில், காற்றாடியை நிறுத்திவிட்டு, முதற்பக்கத்தின் ஏறத்தாழ 25 நிமிடங்களையும் இடைநிறுத்தாமல் கேளுங்கள். பழைய பதிப்போடு ஒப்பிடுவதாயின் இரண்டின் ஒலியளவையும் முதலில் சமப்படுத்துங்கள். சத்தம் கூடியது எதுவோ அதுவே சிறந்தது என்று காது எளிதில் நம்பிவிடும்.

தொடக்கப் பியானோ வரிசை 15 அட்சரம் கொண்டது. 16 இல் ஒன்றைக் குறைத்தே ஓல்ட்பீல்ட் இதை அமைத்தார். 'தகிட தகதிமி' என்று ஏழும் 'தகதிமி தகதிமி' என்று எட்டுமாகக் கையால் எண்ணிக்கொண்டு கேட்டால், இசை ஏன் ஓரிடத்திலும் காலூன்றாமல் முன்னே சாய்ந்துகொண்டே போகிறது என்பது விளங்கும். கர்நாடக இசை பழகியவர்களுக்கு இந்தத் தொகுப்பின் வாசல் இதுதான் என்பது என் உறுதியான எண்ணம். எண்ணிக்கை கைவந்தபின் அதை விட்டுவிட்டு, அடியில் வந்து சேரும் பேஸ் கிற்றாரைப் பின்தொடருங்கள்.

முதற்பக்க இறுதியில் ஆங்கிலப் பாடகர் விவியன் ஸ்டான்ஷல் ஒவ்வொரு வாத்தியத்தையும் பெயர்சொல்லி அழைக்கிறார். பியானோ, ஓர்கன், குளோக்கன்ஸ்பீல் (உலோகப் பட்டைகளைத் தட்டி இசைக்கும் வாத்தியம்), பேஸ் கிற்றார், மண்டலின் என ஒரே மெட்டின்மேல் அடுக்குகள் ஏறுகின்றன. அவற்றில் மிகப் பெரும்பாலானவற்றை வாசித்தவர் பதிவின்போது 19 வயதே நிரம்பிய ஓல்ட்பீல்ட் ஒருவரே. புதிய பதிப்பைச் சோதிக்க இதைவிடப் பொருத்தமான இடமில்லை: ஒன்பதாவது வாத்தியம் வந்தபின்னும் முதலாவதைப் பிரித்துக் கேட்க முடிகிறதா என்று பாருங்கள். இறுதியில் வரும், தொகுப்புக்குப் பெயர் தந்த குழாய்மணியை வழக்கமான மென்சுத்தியல் போதாதென்று உலோகச் சுத்தியலால் அடித்தார்கள். எனவே அந்த அடியில் கேட்கும் கரகரப்பை உங்கள் ஒலிபெருக்கியின் பழுதாக எண்ண வேண்டாம். கோணேசர் கோயில் மணியைக் கேட்டு வளர்ந்த காது, அடிக்குப் பின் நீளும் கார்வையைத் தானாகவே தேடும்; அந்தக் கார்வை எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதைக் கவனியுங்கள்.

இரண்டாம் பக்கத்தை வேறொரு நாளுக்கு வைத்துக்கொள்ளலாம். டிரம்ஸ் தொகுதி அதில்தான் முதன்முறையாக நுழைகிறது. அதனோடு வரும் சொல்லற்ற உறுமல் சிலருக்கு ஒவ்வாது என்றாலும், அதைத் தாண்டியபின் வரும் அமைதியான கிற்றார் பகுதி முழுத் தொகுப்பிலும் எனக்கு மிக நெருக்கமானது.

உப்புக்காற்று இணைப்புமுனைகளில் துரு ஏற்றும்; அவற்றை அவ்வப்போது கழற்றித் துடையுங்கள். தட்டுகளை நிமிர்த்தி, மாரியில் ஈரம் படாத அலுமாரியில் வையுங்கள். பொன்விழாப் பதிப்பில் சேர்த்துள்ள, 'டியூபுலர் பெல்ஸ்' வரிசையின் நான்காம் தொகுப்புக்கென 2017 இல் பதிந்த எட்டு நிமிட முன்னோட்டத்தை, இரு பக்கங்களும் மனத்தில் படிந்தபின் கேட்பதே நல்லது.