மட்டக்களப்புக் கரையின் பெயர்களை வரைபடத்துக்காகப் பதிவுசெய்யும் முறை

பெயர் திரட்டச் செல்பவர் அச்சிட்ட வரைபடத்தை முதலிலேயே நீட்டக் கூடாது. அதிலுள்ள எழுத்தைக் கண்டவுடன் சொல்பவரின் நினைவு அதன் பின்னே போய்விடும். கரைவலை இழுப்பவரோடோ தோணிக்காரரோடோ கரையோரமாக நடந்து, நின்ற இடத்திலேயே, "ஐயா, இந்த இடத்துக்கு என்ன பேர் சொல்லுவீங்க?" என்று கேட்பதே சரியான தொடக்கம்.

ஸ்கொட்லாந்தின் கேலிக் மொழிக் கரைகளை 19ஆம் நூற்றாண்டில் அளந்த, பிரித்தானிய அரசின் நில அளவை நிறுவனமான ஓர்ட்னன்ஸ் சர்வே, ஒவ்வொரு பெயரின் எழுத்து வடிவங்களையும், அவற்றுக்குச் சான்று கூறியவர்களையும், இடத்தின் விளக்கத்தையும் பெயரேடுகளில் தனித்தனி நிரல்களாக எழுதிவைத்தது. அந்த நிரல்கள் நமக்கும் பொருந்தும். அவற்றோடு திகதியையும், சொன்னவரின் சம்மதத்துடன் கைபேசியில் பதிந்த குரலையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அவர் "ஆத்துவாய்" என்று சொன்னால் அதை அப்படியே எழுதி, "ஆற்றுவாய்" என்ற எழுத்து வழக்கை அடுத்த நிரலில் இடுங்கள்.

திகதியை வலியுறுத்தக் காரணம் உண்டு. மட்டக்களப்பு வாவி கடலோடு சேரும் பாலமீன்மடு முகத்துவாரம் ஒரு பருவத்தில் மணல்திட்டால் அடைபட்டிருக்கும். மாரியில் வெள்ளம் ஏறும்போது வெட்டிவிடப்படும். அளந்த நாளைக் குறிக்காத முகத்துவாரக் கோடு எந்தப் பருவத்தினது என்று பின்னர் எவராலும் சொல்ல இயலாது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை உருமாற்றிய நாவலடி போன்ற கரைகளில் முந்திய நிலையையும் கேட்டு, "பழைய இடம்" எனத் தனியாகக் குறியுங்கள்.

பெயர் எதன் மீது நிற்கிறது என்பதில்தான் பிழைகள் மிகுதி. பொத்துவிலுக்குத் தெற்கே குடாவின் பெயர் அறுகம்குடா, அதன் கரையிலுள்ள ஊரின் பெயர் உல்லை. ஆங்கில வழக்கு இரண்டையும் ஒன்றாக்கிவிட்டது. தேற்றாத்தீவு இன்று தீவு அன்று என்பதற்காகப் பெயரைத் திருத்துவதும் தவறு. நிலத்தின் வகையை வேறு நிரலில் எழுதினால் போதும். கல்முனைப் பக்கத்துத் தோணாவை (கரையோரமாகக் கிடந்து சில வேளை கடலோடு கலக்கும் நீர்நிலை) கால்வாய் என்று எழுதிவிடாமல், தோணா என்றே எழுதி, கடலோடு அது எப்போது கலக்கிறது என்பதையும் விளக்கத்தில் சேர்க்கவும்.

கடலுக்குள் இருக்கும் பாருக்கு (நீரடிப் பாறைத்திட்டுக்கு) நேரில் செல்ல இயலாதபோது, கரையில் எந்த இரண்டு அடையாளங்கள் ஒரே நேர்கோட்டில் தெரிகின்றன, ஆழம் எத்தனை பாகம் (ஒரு பாகம் ஏறத்தாழ ஆறடி) என்று கேளுங்கள். வேறு திசையில் இன்னுமொரு சோடி அடையாளங்கள் கிடைத்தால், கோடுகள் வெட்டும் இடமே பார் இருக்கும் இடம்.

கைபேசி தரும் ஆள்கூறுகளைத் தசமப் பாகைகளில், ஐந்து தசம இடங்கள் வரை குறித்தால் ஏறத்தாழ ஒரு மீற்றர் நுணுக்கம் கிடைக்கும். கருவியின் பிழை அதைவிடப் பெரிது என்பதால் மேலும் இலக்கங்கள் வீண். கைபேசி டபிள்யூஜிஎஸ்84 என்ற உலகளாவிய ஆள்கூற்று முறையைப் பின்பற்றுவதால், வேறு முறையில் அமைந்த நில அளவைத் திணைக்கள வரைபடத்தின் மீது மாற்றாமல் பொருத்தினால் புள்ளிகள் விலகும்.

எவரும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் ஏற்றும்போது தமிழ்ப் பெயர், மாற்றுப் பெயர், பழைய பெயர் ஆகியவற்றுக்குத் தனித்தனிப் புலங்கள் உள்ளன. ஏற்றுவதற்கு முன்னர், பட்டியலைச் சொன்னவரிடமே கொண்டுசென்று உரக்க வாசித்துக் காட்டுங்கள்.