கிராபிக்ஸ் கார்டு மேல் பழி போடாதீர்கள்: கேமிங் கணினியில் நான் செய்த, நீங்கள் செய்யக்கூடாத தவறுகள்

போன சனிக்கிழமை செந்தூல் தம்பி ஒருவன் என்னைக் கோலாலம்பூரின் கணினிக் கடைகள் நிறைந்த லோ யாட் பிளாசாவுக்கு இழுத்துக்கொண்டு போனான். ஓய்வு நேரத்தில் தெரிந்தவர்களுக்குக் கணினி கோர்த்துக் கொடுப்பவன் நான் என்பதால் இப்படி அழைப்புகள் வரும். மாடிப்படி ஏறும்போதே ஆரம்பித்துவிட்டான். "அண்ணே, கேம் பயங்கரமா லேக் அடிக்குது. கார்டை மாத்திட்டு, அப்படியே ஒரு 4கே மானிட்டரும் எடுத்திடலாம்."

"கார்டுதான் பிரச்சனைன்னு உனக்கு யார் சொன்னா?"

"வேற என்னண்ணே இருக்கப் போகுது?"

திரையில் படத்தை வரைவது கிராபிக்ஸ் கார்டு என்பதால் இதே பதிலை 2021-ல் நானும் சொன்னேன். அவனைப் பக்கத்து மாமாக் கடையில் உட்கார வைத்து, ஒரு தே தாரேக் வாங்கிக் கொடுத்து, அந்தக் கதையைச் சொன்னேன். அங்கே சொன்னதும் சொல்ல விட்டதும் இது. டிரைவரைப் புதுப்பியுங்கள், தூசியைத் தட்டுங்கள், மானிட்டர் கேபிளை மதர்போர்டில் சொருகாமல் கார்டில் சொருகுங்கள் என்பதையெல்லாம் எழுதப் போவதில்லை. அதை யார் வேண்டுமானாலும் சொல்வார்கள்.

அளக்காமல் வாங்குவது

கொரோனா நடமாட்டக் கட்டுப்பாட்டில் வீட்டுக்குள் அடைந்து கிடந்த காலம். இரவெல்லாம் ஐந்துக்கு ஐந்து பேர் இணையத்தில் மோதும் டோட்டா 2 கேம். என்னிடம் இருந்தது ரைசன் 5 2600 பிராசசர், ஜிடிஎக்ஸ் 1060 கார்டு, ஒற்றை 8 ஜிபி ரேம் (பிராசசருக்கு வேண்டிய தரவைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருக்கும் நினைவகம்). தனியாகச் சுற்றும்போது 110 எஃப்பிஎஸ், அதாவது நொடிக்கு 110 ஃப்ரேம் (படம்) காட்டும். பத்துப் பேரும் ஒரே இடத்தில் மோதிக்கொண்டால் 45-க்கு விழும், படம் திக்கும். சண்டை முடிந்ததும் ஒன்றுமே நடக்காதது போல் மறுபடி 110. செத்துப் போனது நான் மட்டும்தான்.

அது கிராபிக்ஸ் கார்டுகளுக்குப் பேய் பிடித்திருந்த வருடம். ஒரு பக்கம் சிப் தட்டுப்பாடு. இன்னொரு பக்கம் எத்தீரியம் மைனிங் (கார்டை ஓடவிட்டு எத்தீரியம் மின்நாணயம் சம்பாதிப்பது) செய்கிறவர்கள் கடைக்கு வரும் கார்டுகளை மொத்தமாக அள்ளிக்கொண்டு போனார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் ஆர்டிஎக்ஸ் 3060 வாங்கினேன். 2,900 வெள்ளி (மலேசிய ரிங்கிட்). கடைக்காரர் என்னை ஏமாற்றவில்லை. "கார்டு வேணும்" என்று கேட்டேன், கார்டு கொடுத்தார். வீட்டுக்கு வந்து மாட்டி, டோட்டாவைத் திறந்தேன். அதே சண்டை, அதே திக்கல். 45 இருந்த இடத்தில் 47. இரண்டு ஃப்ரேமுக்கு 2,900 வெள்ளி. ஃப்ரேம் ஒன்று 1,450 வெள்ளி என்று கணக்குப் போட்டுப் பார்த்தது இன்னும் மறக்கவில்லை.

அப்போதாவது நின்று யோசித்தேனா? இல்லை. விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டேன். கேமை அழித்து மறுபடி இறக்கினேன். பவர் சப்ளை மேல் சந்தேகப்பட்டு அதையும் மாற்றலாமா என்று விலை விசாரித்தேன். இப்படி இரண்டு வாரம் போனது. வேலையிடத்தில் ஒரு நண்பர் போனில் கேட்டார்: "சண்டை நேரத்துல கார்டு எத்தனை சதவீதம் வேலை செய்யுது?" எனக்குத் தெரியவில்லை. அன்றிரவு பார்த்தேன். 38 சதவீதம். 2,900 வெள்ளிக் கார்டு பாதி நேரத்துக்கு மேல் தூங்கிக்கொண்டிருந்தது.

குற்றவாளி ரேம். ஒற்றை ரேம் என்றால் பிராசசருக்கும் ரேமுக்கும் நடுவே ஒற்றைச் சேனல், அதாவது ஒரே ஒரு பாதை. 2400 வேகத்தில் ஓடும் ஒரு டிடிஆர்4 ரேம் நொடிக்கு அதிகபட்சம் 19.2 ஜிபி தரவைத் தரும். 3200 வேகத்தில் இரண்டு ரேம், இரட்டைச் சேனலில் என்றால் 51.2 ஜிபி. அந்தக் காலத்து ரைசன்களில் பிராசசரின் உள்பாதை வேகமே ரேம் வேகத்தோடு கட்டப்பட்டிருக்கும் என்பதால் அடி இரட்டிப்பு. பிராசசர் ரேமுக்காகக் காத்திருக்கிறது, கார்டு பிராசசருக்காகக் காத்திருக்கிறது. 8 ஜிபி ரேம் இரண்டு வாங்கினேன், முந்நூற்றுச் சொச்சம் வெள்ளி. சண்டையில் எஃப்பிஎஸ் 68-க்குக் கீழே இறங்கவில்லை. திக்கல் போனது. ஜிடிஎக்ஸ் 1060-ஐயே வைத்திருந்தாலும் இதேதான் கிடைத்திருக்கும்.

எரிச்சல் இதோடு முடியவில்லை. மறு வருடம் கார்டு விலைகள் சரியத் தொடங்கின. 2022 செப்டம்பரில் எத்தீரியம் மைனிங்கே நின்றுபோனது. நான் வாங்கிய அதே கார்டு பாதி விலையை நெருங்கி வந்ததைக் கடைக் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு வந்தேன். ஒரே ஆறுதல், பழைய 1060-ஐ அந்தப் பைத்தியக்கார வருடத்திலேயே நல்ல விலைக்குத் தள்ளிவிட்டேன்.

சரி, எப்படி அளப்பது? காசு செலவே இல்லை. எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர், அதனோடு வரும் ரிவாட்யூனர் என்ற இரண்டு அளக்கும் மென்பொருள்களையும் போட்டுக்கொள்ளுங்கள். எந்த நிறுவனத்தின் கார்டாக இருந்தாலும் வேலை செய்யும். எஃப்பிஎஸ்ஸை மானிட்டர் வேகத்தோடு கட்டிப்போடும் வி-சிங்க்கையும் ஃப்ரேம் வரம்பையும் அணைத்துவிட்டு, கேம் எங்கே தடுமாறுகிறதோ அங்கேயே போய் நின்று பாருங்கள். கார்டு 95 சதவீதத்துக்கு மேல் உழைக்கிறது என்றால் இழுத்துப் பிடிப்பது கார்டுதான். 50, 60 சதவீதத்தில் சும்மா இருக்க, எஃப்பிஎஸ் மட்டும் விழுகிறது என்றால் வேறு இடத்தில் தேடுங்கள்.

இன்னும் எளிய சோதனை ஒன்று உண்டு. கேமின் ரெசல்யூஷனை, அதாவது படத்தின் பிக்சல் எண்ணிக்கையை, 720பிக்கு இறக்குங்கள். படம் அசிங்கமாக இருக்கும், பரவாயில்லை. எஃப்பிஎஸ் தாவி ஏறினால் கார்டுக்குத்தான் பாரம் அதிகம். ஏறாமல் அதே இடத்தில் நின்றால் உலகத்திலேயே விலை உயர்ந்த கார்டை வாங்கி மாட்டினாலும் அது அங்கேதான் நிற்கும். 2021-ல் இதற்கு எனக்கு ஒரு நிமிடம் ஆகியிருக்கும்.

"ஆனா டாஸ்க் மேனேஜர்ல சிபியு 30 சதவீதம்தான் காட்டுது அண்ணே" என்பார்கள். சிபியு என்பது பிராசசர்தான், ஆனால் அந்த எண் மொத்தச் சராசரி. 12 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடக்கூடிய வேலை வரிசை) உள்ள பிராசசரில் ஒரு த்ரெட் மூச்சு முட்ட ஓடினாலும் மொத்தக் கணக்கில் அது 8 சதவீதம்தான். பல கேம்கள் ஒன்றிரண்டு த்ரெட்டின் முதுகில்தான் முக்கால்வாசிப் பாரத்தை ஏற்றுகின்றன. ஒவ்வொரு த்ரெட்டையும் தனித்தனியாகப் பாருங்கள்.

எஃப்பிஎஸ் சராசரியையும் நம்பாதீர்கள். ஒரு நொடியில் 59 ஃப்ரேம் தலா 15 மில்லிசெகண்டில் வந்து, ஒரே ஒரு ஃப்ரேம் 115 மில்லிசெகண்ட் எடுத்தது என்று வையுங்கள். கூட்டினால் சரியாக ஒரு நொடி, 60 ஃப்ரேம். எண் அழகாக 60 காட்டும், ஆனால் கண்ணுக்கு அந்த ஒரு ஃப்ரேம் அறை விழுந்த மாதிரி தெரியும். ரிவாட்யூனரில் ஃப்ரேம் நேரக் கோட்டைத் திரையில் போட்டுக்கொண்டால் முள் மாதிரி குத்தி நிற்கும் இடம்தான் உங்கள் திக்கல்.

தேநீர் முடிந்ததும் தம்பியைக் கேட்டேன்: "உன் கார்டு எத்தனை சதவீதம்?" முழித்தான். எதுவும் வாங்காமல் இம்பியில் மோனோரயில் ஏறி, ஹங் துவாவில் மாறி, செந்தூலுக்கே போய்விட்டோம். கணினியைத் திறந்தால் ரைசன் 5 5600, ஆர்டிஎக்ஸ் 3060 டிஐ, நல்ல ஜோடி. ரேம் ஒற்றை 16 ஜிபி, அதுவும் 3200 ரேம் 2133-ல் ஓடிக்கொண்டிருந்தது. மதர்போர்டின் அமைப்புத் திரையான பயாஸுக்குள் போய், ரேமை அதன் முழு வேகத்தில் ஓடவிடும் எக்ஸ்எம்பியை இயக்காமல் விட்டால் அப்படித்தான் ஓடும். பெட்டியில் 3200 என்று அச்சடித்திருப்பது தானாக நடந்துவிடாது. இயக்கினேன். இன்னொரு ரேம் வாங்கச் சொல்லி, மதர்போர்டில் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது இடங்களில் மாட்டச் சொன்னேன். பெரும்பாலான நான்கு இடப் போர்டுகளில் அதுதான் கணக்கு. அங்கே முதல் இரண்டு இடங்களிலோ கடைசி இரண்டு இடங்களிலோ சொருகினால் காசு கொடுத்து வாங்கிய இரண்டாவது சேனல் கிடைக்காது.

144-க்குக் காசு கொடுத்து 60-ல் ஓட்டுவது

அதே தம்பி, அதே மாலை. மேசையில் 144 ஹெர்ட்ஸ் மானிட்டர், அதாவது நொடிக்கு 144 முறை படத்தை மாற்றிக் காட்டக்கூடியது. வாங்கி எட்டு மாதம். விண்டோஸில் பார்த்தால் 60. செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்ட் டிஸ்ப்ளே என்று போய் மாற்றினேன். மவுஸை அசைத்துப் பார்த்துவிட்டு "டேய்!" என்று கத்தினான். யாரைத் திட்டினான் என்று தெரியவில்லை.

பட்டியலில் 144 வரவே இல்லையென்றால் கேபிளைப் பாருங்கள். நிறைய மானிட்டர்களில் டிஸ்ப்ளேபோர்ட்டில் கிடைக்கும் முழு வேகம் எச்டிஎம்ஐ துளையில் கிடைக்காது. பெட்டியில் முன்பக்கம் இருக்கும் பெரிய எண் எந்தத் துளைக்கானது என்பது பின்பக்கம் சின்ன எழுத்தில் இருக்கும்.

ஏர்கானில் சோதித்து வியர்வையில் விளையாடுவது

மாலுக்குள் கடையில் ஓட்டிக் காட்டுவார்கள். எல்லாம் பட்டுப்போல் ஓடும். அங்கே 22, 23 டிகிரி. நம் வீட்டில், மதியம், காற்றாடி மட்டும் ஓடும் அறையில் 32. அறைச் சூடு பத்து டிகிரி ஏறினால் பிராசசர், கார்டுச் சூடும் ஏறக்குறைய அதே பத்து ஏறும். 75-ல் இருந்தது 85 ஆகும். வரம்பைத் தொட்டால் சிப் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். அறிகுறி எளிது: முதல் பத்து நிமிடம் நன்றாக ஓடி, அப்புறம் தொய்வது. அதனால் மூன்று நிமிட பெஞ்ச்மார்க் எண்ணைக் காட்டி யாரும் என்னிடம் வாதாடக்கூடாது. கதவைச் சாத்திய அறையில் அரை மணி நேரம் விளையாடிவிட்டு வந்து எண்ணைச் சொல்லுங்கள். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி வைத்த கேஸ் பார்க்க அழகு. காற்று எந்த வழியாக உள்ளே போகும் என்று வாங்கும் முன் விரலை விட்டுப் பாருங்கள்.

எல்லாவற்றையும் லேக் என்பது

பிங் (செர்வருக்குத் தகவல் போய்த் திரும்பும் நேரம்) ஏறினால் இணையம். எஃப்பிஎஸ் விழுந்தால் கணினி. சிங்கப்பூர் செர்வர் தடுமாறுவதற்கு ரேம் வாங்கியவரை எனக்குத் தெரியும்.

4கே ஆசை

1080பியில் ஏறக்குறைய 20.7 லட்சம் பிக்சல். 1440பியில் 36.9 லட்சம். 4கேயில் 82.9 லட்சம். அதாவது 1080பியில் இருந்து 4கேக்குத் தாவினால் கார்டு ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் நான்கு மடங்கு பிக்சல் வரைய வேண்டும். குறைந்த பிக்சலில் வரைந்து பெரிதாக்கும் டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர் போன்றவை கைகொடுக்கும், மறுக்கவில்லை. ஆனால் டிஎல்எஸ்எஸ்ஸின் பெர்ஃபார்மன்ஸ் நிலையில் 4கே என்பது உள்ளே 1080பியில் வரைந்து பெரிதாக்கிக் காட்டுவதுதான்.

அதற்காக 27 அங்குலத்தில் 1080பியும் எடுக்காதீர்கள். அங்குலத்துக்கு 82 பிக்சல்தான் வரும், மேசைத் தூரத்தில் எழுத்து பிசிறடிக்கும். 1080பி என்றால் 24 அங்குலம், 27 என்றால் 1440பி. நடுத்தரக் கார்டு வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்.

'1 மில்லிசெகண்ட்' என்ற வார்த்தை

மானிட்டர் பெட்டியில் இருக்கும் இந்த எண், இரண்டு வெவ்வேறு அளவைகளுக்கு ஒரே பெயர். ஜிடிஜி என்பது பிக்சல் ஒரு சாம்பல் நிறத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும் நேரம். எம்பிஆர்டி என்பது அசையும் படம் கண்ணில் எவ்வளவு நேரம் தங்கிக் கலங்குகிறது என்பது. எம்பிஆர்டி 1 என்று போட்டிருந்தால் பெரும்பாலும் பின்னொளியை வெட்டி வெட்டி எரியவிட்டு வந்த எண். அதை இயக்கினால் திரை மங்கும், பல மானிட்டர்களில் ஃப்ரீசிங்க்கையும் (மானிட்டர் வேகத்தைக் கார்டின் எஃப்பிஎஸ்ஸோடு ஒத்துப்போகச் செய்யும் வசதி) கூடவே பயன்படுத்த முடியாது.

மானிட்டர் பேனலில் விஏ, ஐபிஎஸ் என்று வகைகள் உண்டு. விஏ பேனல் ஒன்றை இந்த எண்ணை நம்பி வாங்கியிருக்கிறேன். இருட்டுக் காட்சியில் ஆள் ஓடினால் பின்னால் கரி பூசிய மாதிரி ஒரு வால். பிக்சலை வேகமாக மாறத் தூண்டும் ஓவர்டிரைவை உச்சத்தில் வைத்தேன், கறுப்பு வால் வெள்ளை வாலானது. விஏவின் கறுப்பு ஆழம் ஐபிஎஸ்ஸில் கிடைக்காது, படம் பார்க்க அருமை. சுட்டு விளையாடும் கேம்களுக்கு ஐபிஎஸ்தான் என் கட்சி.

ஃப்ரீசிங்க் ஸ்டிக்கரோடு திருப்திப்படுவது

எந்த ஹெர்ட்ஸிலிருந்து எந்த ஹெர்ட்ஸ் வரை என்று கேளுங்கள். 48 முதல் 144 என்றால் நல்லது. எஃப்பிஎஸ் 48-க்குக் கீழே போனாலும் ஒவ்வொரு ஃப்ரேமையும் இரண்டு முறை காட்டிச் சமாளிக்க இடம் இருக்கிறது. 48 முதல் 75 வரைதான் என்றால் அந்த இடம் இல்லை, எந்தத் திக்கலைப் போக்க வாங்கினீர்களோ அந்தத் திக்கல், சரியாக ஃப்ரீசிங்க் தேவைப்படும் நேரத்தில் திரும்பி வரும்.

என்விடியா கார்டு வைத்திருந்தால் அந்த நிறுவனத்தின் ஃப்ரீசிங்க் மாற்றான ஜி-சிங்க் மானிட்டர்தான் வாங்க வேண்டும் என்று இன்னும் சிலர் சொல்கிறார்கள். 2019 ஜனவரியிலிருந்தே என்விடியா டிரைவர் ஃப்ரீசிங்க் மானிட்டர்களோடு ஒத்துப்போகிறது.

எச்டிஆர் 400

வெளிச்சத்தையும் இருட்டையும் கூடுதல் வேறுபாட்டோடு காட்டும் எச்டிஆரின் அடிமட்டத் தர முத்திரை இது. அதற்காக ஒரு வெள்ளிகூடக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள்.

பெட்டியைப் பிரிக்காமல் தூக்கிக்கொண்டு வருவது

ஓரிரண்டு செத்த பிக்சலுக்கெல்லாம் உத்தரவாதத்தில் மாற்றித் தர மாட்டோம் என்று பல நிறுவனங்களின் விதியிலேயே இருக்கும். ஆகவே காசு கொடுக்கும் முன் கடையிலேயே பிரித்து, மின்சாரம் கொடுத்து, கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என்று திரை முழுக்க நிரப்பிப் பார்க்க வேண்டும். போனில் ஐந்து வண்ணப் படங்களை வைத்துக்கொண்டால் போதும். கறுப்பில் பார்க்கும்போது விளக்கை மறைத்து, மூலைகளில் ஒளி கசிகிறதா என்றும் பாருங்கள்.

தம்பி இந்த வாரம் மறுபடி வந்தான். புது ரேம் மாட்டிய பிறகு கார்டு 97 சதவீதம் என்று தானே அளந்து படம் எடுத்து அனுப்பியிருந்தான். கார்டுக் காசு மிச்சம், 24 அங்குலத்தைத் தங்கச்சிக்குக் கொடுத்துவிட்டு 27 அங்குலம் 1440பி எடுக்கலாம் என்று முடிவு. முதல் பெட்டியில், கறுப்புத் திரையில், இடது கீழ் மூலையில் ஒரு பச்சைப் புள்ளி. கடைக்காரர் முகம் சுளிக்காமல் இன்னொன்றைக் கொண்டுவந்தார். அதில் ஒன்றும் இல்லை. மோனோரயிலில் அந்தப் பெட்டியோடு ஏற முடியாது என்பதால் கிராப் பிடித்துச் செந்தூலுக்குப் போனோம். வழியெல்லாம் பெட்டியின் பின்பக்கச் சின்ன எழுத்தைப் படித்துக்கொண்டே வந்தான்.