அம்மாவின் டெபாசிட் வட்டியில் பிடித்த வரியைத் திரும்ப வாங்கியது எப்படி: படிப்படியாக

அம்மாவுக்கு 67 வயது. அப்பா காலமான பிறகு குடும்ப ஓய்வூதியம் மாதம் 22,000 ரூபாய் வருகிறது. அப்பா சேர்த்து வைத்த பணம் ஃபிக்சட் டெபாசிட்டில் இருக்கிறது. 2024-25 நிதியாண்டில் அதற்கு 96,000 ரூபாய் வட்டி வந்தது, அதில் 9,600 ரூபாயை வங்கி டிடிஎஸ்ஸாக (வட்டி தரும்போதே பிடித்து அரசுக்குக் கட்டும் வரி) பிடித்துவிட்டது. வங்கி மேல் தவறில்லை. எனக்கு வரி வராது என்று முதியோர் வங்கிக்கு எழுதித் தரும் 15எச் படிவத்தைக் கொடுத்திருந்தால் பிடித்திருக்க மாட்டார்கள், நாங்கள் கொடுக்கவில்லை. "எனக்குத்தான் வரியே வராதே, அந்தப் பணம் திரும்ப வராதா?" என்று அம்மா கேட்டார். வரும். வருமான வரி ரிட்டர்ன் (ஆண்டு வருமானக் கணக்கு) போட்டால் வரும். ஜூலையில் போட்டேன், பணம் கைக்கு வந்தது செப்டம்பர் கடைசியில். இடையில் எங்கெங்கே நின்றது என்பதைத்தான் எழுதுகிறேன். பெற்றோருக்காக முதன்முறை ரிட்டர்ன் போடுகிறவர்களுக்கு இது உதவும்.

வருமான வரித்துறையின் தளத்தில் (இன்கம்டேக்ஸ் டாட் ஜிஓவி டாட் இன்) பான் எண்ணை வைத்துக் கணக்குத் தொடங்குவது எளிது, அதை விளக்கப் போவதில்லை. பானும் ஆதாரும் இணைந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இணையாமல் பான் செயலிழந்திருந்தால் ரீஃபண்ட் (திரும்பத் தரும் வரிப்பணம்) வராது. போனில் செய்யாதீர்கள், லேப்டாப்பில் செய்யுங்கள். பக்கத்தில் ஒரு நோட்டு இருக்கட்டும்.

படி 1: முதலில் வங்கிக் கணக்கு

எல்லா விளக்கங்களும் இதைக் கடைசியில் சொல்கின்றன. நான் முதலில் சொல்கிறேன், ஏனென்றால் எனக்கு இரண்டு மாதம் போனது இங்கேதான்.

ரீஃபண்ட் பணம், தளத்தில் முன்கூட்டியே சரிபார்க்கப்பட்ட கணக்குக்குத்தான் வரும். உள்ளே நுழைந்து, உங்கள் சுயவிவரப் பக்கத்தில் வங்கிக் கணக்குப் பகுதிக்குப் போய், கணக்கு எண்ணும் ஐஎஃப்எஸ்சியும் கொடுத்தால், தளம் வங்கியிடம் கேட்டுச் சரிபார்க்கும். கணக்கில் உள்ள பெயரும் பான் அட்டையில் உள்ள பெயரும் ஒத்துப்போக வேண்டும். நம் ஊர்க்காரர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பெயருக்கு முன்னால் ஓர் இனிஷியல், அவ்வளவுதான். பான் விண்ணப்பத்திலோ இனிஷியலை விரித்துத்தான் எழுத வேண்டும். அதனால் பான் அட்டையில் அம்மா பெயருக்குப் பின்னால் தாத்தா பெயர் முழுதாக நிற்கிறது. முப்பது வருடத்துக்கு முன் திறந்த வங்கிக் கணக்கில் ஒற்றை எழுத்து இனிஷியல், அதுவும் கல்யாணத்துக்குப் பிறகு மாறிய, என் அப்பா பெயரின் முதல் எழுத்து. ஆள் ஒருவர்தான், ஆனால் கணினிக்கு இரண்டு பேர். சரிபார்ப்பு தோல்வி, காரணம்: பெயர் பொருந்தவில்லை.

அந்த எச்சரிக்கையை நான் பொருட்படுத்தாமல் ரிட்டர்னைப் போட்டுவிட்டேன். ஆகஸ்ட்டில் கணக்குப் பார்த்து முடித்து 9,600 ரூபாய் ரீஃபண்ட் என்று அறிவிப்பும் வந்தது. பத்து நாள் கழித்துப் பணம் சேரவில்லை, ரீஃபண்ட் தோல்வி என்று இன்னொரு செய்தி.

சரிசெய்தது இப்படி. அம்மாவை அழைத்துக்கொண்டு வங்கிக் கிளைக்குப் போனோம். கேஒய்சி புதுப்பிக்கும் படிவத்தில், பான் அட்டையில் உள்ளபடியே பெயரை மாற்றச் சொல்லி எழுதி, பான் நகலும் ஆதார் நகலும் இணைத்தோம். ஆதாரில் இருந்த பெயர் பானோடு ஒத்துப்போனது எங்கள் நல்ல நேரம். இரண்டிலும் வேறு வேறாக இருந்தால் முதலில் அவற்றைச் சரிசெய்ய வேண்டும். கிளையில் "பான் எண்ணை இணைத்தால் போதும்" என்று சொன்னால் திரும்பி வந்துவிடாதீர்கள். எண்ணும் சேர வேண்டும், பெயரும் மாற வேண்டும். பாஸ்புக்கில் புதுப்பெயர் அச்சாகி வந்ததைப் பார்த்த பிறகுதான் நான் கிளம்பினேன்.

ஒரு வாரம் கழித்துத் தளத்தில் மறுபடி சரிபார்த்தபோது சரியானது. அதன் பக்கத்தில், ரீஃபண்டுக்கு இந்தக் கணக்கு என்று குறிக்கும் சிறிய பொத்தான் ஒன்று இருக்கும். அதையும் போட வேண்டும். பிறகு சேவைகள் பகுதியில் ரீஃபண்டை மறுபடி அனுப்பக் கேட்கும் விண்ணப்பம் இருக்கிறது. அதைக் கொடுத்த பிறகுதான் பணம் வந்தது. வங்கியில் பெயரைத் திருத்திவிட்டால் மட்டும் பணம் தானாக வராது.

படி 2: இரண்டு ஆவணங்களை இறக்கிப் படியுங்கள்

26ஏஎஸ் என்பது உங்கள் பான் எண்ணில் யார் எவ்வளவு வரி பிடித்துக் கட்டினார்கள் என்ற பட்டியல். ஏஐஎஸ் அதைவிடப் பெரியது: வட்டி, பங்கு ஈவுத்தொகை, பங்கு விற்பனை என்று துறைக்குத் தெரிந்தது எல்லாம் அதில் இருக்கும். ஏஐஎஸ் பிடிஎஃப்பைத் திறக்க, பான் எண்ணைச் சின்ன எழுத்தில் அடித்து, இடைவெளி விடாமல் பிறந்த நாள், மாதம், வருடம் எட்டு இலக்கமாக அடிக்க வேண்டும்.

ஏப்ரல், மே மாதத்தில் அவசரப்பட்டு ரிட்டர்ன் போட வேண்டாம். ஜனவரி முதல் மார்ச் வரை பிடித்த வரியின் கணக்கைத் தாக்கல் செய்ய வங்கிகளுக்கு மே 31 வரை நேரம் உண்டு. ஜூன் பாதிக்கு மேல்தான் பட்டியல் முழுமையாகும்.

ஏஐஎஸ்ஸில் அம்மாவின் வட்டி இரண்டு இடத்தில் இருந்தது. வரி பிடித்த பகுதியில் ஒருமுறை, வங்கி தனியாகத் தெரிவித்த வட்டிப் பகுதியில் இன்னொருமுறை. இரண்டையும் கூட்டினால் 1,92,000 ஆகிவிடும். அது ஒரே வட்டிதான். ஏஐஎஸ்ஸோடு வரும் சுருக்கப் பட்டியலில் (டிஐஎஸ்) இரட்டிப்பை நீக்கிய தொகை இருக்கும். வங்கி தரும் வட்டிச் சான்றிதழோடு அதை ஒப்பிட்டுப் பார்த்து எழுதுங்கள். உங்களுடையதே அல்லாத தொகை ஏஐஎஸ்ஸில் இருந்தால், அந்தப் பதிவின் பக்கத்திலேயே மறுப்புத் தெரிவிக்க வழி இருக்கிறது.

சேமிப்புக் கணக்கு வட்டி 4,200 ரூபாய்க்கு வரி பிடிப்பே இல்லை. அதனால் பலர் அதை விட்டுவிடுகிறார்கள். ஏஐஎஸ்ஸில் அதுவும் இருக்கிறது, சேர்த்துவிடுங்கள்.

படி 3: படிவமும் முறையும்

ஓய்வூதியம், வட்டி, ஒரு வீடு, மொத்தம் 50 லட்சத்துக்குள் என்றால் ஐடிஆர்-1 என்ற ரிட்டர்ன் படிவம் போதும். வீடு, நிலம் விற்றிருந்தால் ஐடிஆர்-2. நிதியாண்டு 2024-25 என்றால் மதிப்பீட்டு ஆண்டு 2025-26. தளம் கேட்பது இரண்டாவதை.

தளத்திலேயே நேரடியாக நிரப்புங்கள். மென்பொருளை இறக்கி நிரப்பும் வழியும் உண்டு, இவ்வளவு சிறிய கணக்குக்கு அது வேண்டாம். பணம் வாங்கும் தனியார் தளங்களும் வேண்டாம். வரி கணக்கிடப் புதியது, பழையது என்று இரண்டு முறைகள் உண்டு. எது லாபம் என்று பார்க்க, உள்ளே நுழையாமலே பயன்படுத்தக்கூடிய வரிக் கணிப்பான் தளத்தின் முகப்பிலேயே இருக்கிறது. இரண்டிலும் போட்டுப் பாருங்கள். அம்மாவுக்கு இரண்டிலும் வரி பூஜ்யம்தான்.

படி 4: குடும்ப ஓய்வூதியம் சம்பளம் இல்லை

இதில்தான் முதல் தடவை தப்பாக நிரப்பினேன். அப்பா உயிரோடு இருந்தபோது அவர் வாங்கிய ஓய்வூதியம் சம்பளத் தலைப்பில் வந்தது. அதே பணத்தின் தொடர்ச்சிதானே என்று அம்மாவுடையதையும் அங்கேயே போட்டேன். உடனே 75,000 ரூபாய் நிலையான கழிவு விழுந்தது. ஆனால் அது சட்டப்படி கிடையாது. குடும்ப ஓய்வூதியம் 'பிற வருமானம்' என்ற தலைப்பில் வரும். அங்கே கீழிறங்கும் பட்டியலில் குடும்ப ஓய்வூதியம் என்று தனியாகவே இருக்கிறது. அதற்கான கழிவு: தொகையில் மூன்றில் ஒரு பங்கு, அல்லது புதிய முறையில் 25,000 (பழைய முறையில் 15,000), இரண்டில் எது குறைவோ அது.

அம்மாவின் கணக்கு புதிய முறையில் இப்படி வந்தது. ஓய்வூதியம் 2,64,000, கழிவு 25,000 போக 2,39,000. டெபாசிட் வட்டி 96,000, சேமிப்பு வட்டி 4,200. மொத்தம் 3,39,200. அந்த ஆண்டின் விதிப்படி முதல் 3 லட்சத்துக்கு வரி இல்லை. மீதி 39,200க்கு 5 சதவீதம், 1,960 ரூபாய். 7 லட்சத்துக்குள் இருப்பதால் 87ஏ பிரிவில் அதுவும் தள்ளுபடி. ஆகப் பிடித்த 9,600 முழுதும் திரும்ப வர வேண்டும். நோட்டில் இந்தக் கணக்கைப் போட்டுவிட்டு, திரையில் வரும் தொகையும் அதுவும் ஒன்றாக இருந்தால் மட்டும் சமர்ப்பியுங்கள்.

படி 5: சரிபார்ப்பு

சமர்ப்பித்ததோடு முடியவில்லை. ரிட்டர்ன் உங்களுடையதுதான் என்று 30 நாளுக்குள் உறுதிசெய்து சரிபார்க்க வேண்டும். சுலபமானது ஆதார் ஓடிபி. அம்மாவின் ஆதாரில் இருந்தது அப்பாவின் பழைய எண். அந்த சிம் எப்போதோ காலாவதியாகிவிட்டது. வங்கிக் கணக்கு வழியாகச் சரிபார்க்கலாம் என்றால் அந்தக் கணக்குதான் இன்னும் சரியாகவில்லையே.

மிச்சம் இருந்தது தபால். ஐடிஆர்-வி என்ற ஒற்றைப் பக்க ஒப்புகையை அச்சடித்து, அம்மா நீல மையில் கையெழுத்துப் போட்டு, பெங்களூரு 560500 மத்தியச் செயலாக்க மையத்துக்கு ஸ்பீட் போஸ்டில் அனுப்பினோம். 30 நாளுக்குள் அங்கே போய்ச் சேர வேண்டும், அதனால் மறுநாளே அனுப்பிவிட்டோம். பிறகு ஆதார் மையத்துக்குப் போய் எண்ணையும் மாற்றினோம். வயதானவர்களின் ஆதார் எண்ணில் எந்த போன் எண் இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள்.

யாரிடம் எதைக் கேட்பது

நிறையப் பேர் எல்லாக் கேள்வியையும் ஒரே ஆளிடம் கேட்டு அலைகிறார்கள். பிடித்த வரி 26ஏஎஸ்ஸில் இல்லையென்றால் துறையால் ஒன்றும் செய்ய முடியாது. பிடித்த வங்கியோ அலுவலகமோதான் தங்கள் டிடிஎஸ் கணக்கைத் திருத்த வேண்டும், அவர்களுக்கு எழுத்தில் கொடுங்கள். தளத்தில் நுழைய முடியவில்லை, படிவம் நிற்கிறது என்றால் 1800 103 0025. ஏஐஎஸ் சந்தேகத்துக்கு 1800 103 4215. இரண்டும் கட்டணமில்லாதவை. கேட்கும் முன் பான் எண், மதிப்பீட்டு ஆண்டு, ரிட்டர்ன் ஒப்புகை எண் மூன்றையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். போனில் முடியாததைத் தளத்தில் குறைதீர்ப்புப் பகுதியில் எழுதிப் போட்டால் எண்ணோடு பதிவாகும்.

ஆடிட்டர் எப்போது வேண்டும்? சொத்து விற்றிருந்தால், தொழில் வருமானம் இருந்தால், வெளிநாட்டில் கணக்கோ பங்கோ இருந்தால் போய்விடுங்கள், அந்தக் கட்டணம் வீண் இல்லை. ஆனால் "உங்களுக்குப் பெரிய ரீஃபண்ட் எடுத்துத் தருகிறேன், அதில் இவ்வளவு கொடுங்கள்" என்று சொல்பவரிடம் போகவே போகாதீர்கள். இல்லாத நன்கொடையும் இல்லாத வீட்டு வாடகையும் எழுதித்தான் அப்படி எடுக்கிறார்கள். 2025 ஜூலையில் இந்த மாதிரிப் பொய்க் கழிவுகளுக்காகத் தமிழ்நாடு உட்பட நாட்டில் சுமார் 150 இடங்களில் துறை சோதனை நடத்தியது. ரிட்டர்ன் யார் போட்டாலும் பதில் சொல்ல வேண்டியவர் பான் எண்ணுக்கு உரியவர்தான்.

ரீஃபண்ட் நேரத்தில் "உங்கள் ரீஃபண்ட் தயார், இந்த இணைப்பை அழுத்துங்கள்" என்று குறுஞ்செய்தி வரும். அம்மாவுக்கு இரண்டு வந்தன. எதையும் அழுத்தாமல், நேராகத் தளத்துக்குள் போய்ப் பாருங்கள். துறையின் பெயரில் வந்த நோட்டீஸ் உண்மையா என்று அதில் உள்ள ஆவண எண்ணை வைத்துத் தளத்திலேயே சரிபார்க்கலாம்.

சேர்த்தது (அக்டோபர் 2025): கருத்துப் பகுதியில் ஓர் ஆசிரியர் கேட்டிருந்தார்: நிலுவைச் சம்பளத்துக்கு 89ஆம் பிரிவு வரி நிவாரணம் கேட்டேன், மறுத்துவிட்டார்கள், ஏன்? 10-இ படிவம் போடாமல் விட்டிருக்கிறார். ரிட்டர்னில் தொகையை எழுதினால் மட்டும் போதாது. ரிட்டர்ன் போடுவதற்கு முன்பே அந்தப் படிவத்தைத் தளத்தில் தனியாகச் சமர்ப்பிக்க வேண்டும்.

மறுபடி சேர்த்தது (நவம்பர் 2025): கடைசி நாளைத் தவறவிட்டுவிட்டதாக மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். 2025இல் கடைசி நாள் செப்டம்பர் 16 வரை நீண்டது. அதையும் விட்டவர்களுக்கு அந்த ஆண்டு டிசம்பர் 31 வரை தாமத ரிட்டர்ன் போட நேரம் இருந்தது. வருமானம் 5 லட்சத்துக்குள் என்றால் தாமதக் கட்டணம் 1,000, அதற்கு மேல் 5,000. அம்மாவின் நிலையில் இருப்பவருக்கு 1,000 போனாலும் 8,600 கைக்கு வரும், விட்டுவிடாதீர்கள்.

இன்னொருவர் அடுத்த ஆண்டுக்கு என்ன செய்வது என்று கேட்டார். 2025 ஏப்ரல் முதல், 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஒரு வங்கியில் ஆண்டு வட்டி 1 லட்சத்தைத் தாண்டினால்தான் பிடித்தம். தாண்டும் என்று தெரிந்தால், வரி வராதவர்கள் ஆண்டுத் தொடக்கத்திலேயே அதற்கான படிவத்தை (2025-26இல் 15எச்) கொடுத்துவிடலாம். அம்மாவுடையதை நான் ஏப்ரலிலேயே கொடுத்து, வங்கி முத்திரை போட்ட நகலை பாஸ்புக்கோடு வைத்திருக்கிறேன்.