பழைய டேபிள் சாவில் தூள் பறக்கிறதா? முதலில் திறந்த இடங்களை மூடுங்கள்

செகண்ட் ஹேண்டில் டேபிள் சா (மேசை நடுவே வட்ட பிளேடு சுழலும் மரம் அறுக்கும் மெஷின்) வாங்கியவர்கள் தூள் தொல்லை தாங்காமல் முதலில் தேடுவது தூளை உறிஞ்சும் பெரிய டஸ்ட் கலெக்டரைத்தான். அதற்கு முன் மெஷினைச் சுற்றி ஒரு பார்வை பாருங்கள். மோட்டார் பின்பக்கம் தொங்கும் பழைய மாடல்களில் முதுகும் அடியும் திறந்தே கிடக்கும். அப்படி இருந்தால் எவ்வளவு இழுவை கொடுத்தாலும் வீண்தான்.

பிளக்கைக் கழற்றிவிட்டு அடியை மூடுங்கள். பிளைவுட்டில் 4 அங்குல ஓட்டை போட்டு ஹோஸ் இணைப்பை மாட்டினால் போதும். பலகை கொஞ்சம் சரிவாக இருந்தால் தூள் மூலையில் தேங்காது.

பின்பக்கம்தான் கொஞ்சம் வேலை வாங்கும். பிளேடைச் சாய்த்தால் மோட்டாரும் பெல்ட்டும் கூடவே நகரும். அதனால் அட்டையில் மாதிரி வெட்டி, 90 டிகிரியிலும் 45 டிகிரியிலும் வைத்துப் பார்த்து, எங்கும் இடிக்கவில்லை என்று தெரிந்த பிறகே பிளைவுட்டைத் தொடுங்கள். ஸ்க்ரூவுக்குப் பதில் காந்தம் வைத்தால் சட்டென்று கழற்றலாம். மோட்டாரை மட்டும் உள்ளே வைத்து மூடிவிடாதீர்கள், சூடாகிவிடும்.

சின்ன இடுக்குகளுக்கு அலுமினிய டேப் போதும். ஆனால் எல்லாவற்றையும் அடைத்துவிடவும் கூடாது. காற்று உள்ளே வந்தால்தான் தூளை இழுத்துக்கொண்டு போகும். முன்பக்கக் கைச்சக்கரம் நகரும் பிளவை அப்படியே விடுங்கள்.

பிளேடுக்கு மேலே தெறிக்கும் தூளை இது பிடிக்காது. அதற்கு இழுவைக் குழாய் வைத்த பிளேடு கார்டு, அதாவது பிளேடை மூடும் பாதுகாப்பு மூடி வேண்டும். எம்.டி.எஃப் (மர நாரைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை) வெட்டும்போது மாஸ்க்கும் கட்டாயம்.