தனி ஊசலில் விழுக்காட்டுப் பிழை: கணக்கும் காரணமும்

விழுக்காட்டுப் பிழைக்குச் சூத்திரம் எளிது. அளந்த மதிப்பிலிருந்து உண்மை மதிப்பைக் கழித்து, உண்மை மதிப்பால் வகுத்து, 100ஆல் பெருக்க வேண்டும். அளந்த மதிப்பால் வகுப்பதுதான் வழக்கமான தவறு.

தனி ஊசலில் (நூலில் கட்டித் தொங்கவிட்ட குண்டு) புவியீர்ப்பு முடுக்கம் காண்பதை எடுத்துக்கொள்வோம். நீளம் 1 மீட்டர், 20 அலைவுகளுக்கு (ஒருமுறை போய்த் திரும்புவது ஓர் அலைவு) 40.4 விநாடி என்றால் அலைவு நேரம் 2.02 விநாடி. முடுக்கம் = 39.48 (அதாவது 4π²) × நீளம் ÷ அலைவு நேரத்தின் வர்க்கம். விடை 9.68 மீ/வி².

எதோடு ஒப்பிடுவது? சென்னையில் இதன் மதிப்பு சுமார் 9.78. பாடநூலின் 9.8 பொதுவான தோராய மதிப்பு. 9.78ஐ வைத்தால் பிழை −1.0%, 9.8ஐ வைத்தால் −1.2%. எதை எடுத்தீர்கள் என்பதைப் பதிவேட்டில் எழுதிவிடுங்கள். பலர் குறியை விட்டுவிட்டு எண்ணை மட்டும் எழுதுவார்கள். மதிப்பெண் குறையாது, ஆனால் தவறு எங்கே என்று தேடக் குறிதான் உதவும்.

விடை 11% கூடுதலாக வந்தால் எண்ணிக்கையைச் சந்தேகியுங்கள். கடிகாரத்தை அழுத்தும்போதே ‘ஒன்று’ என்று எண்ணத் தொடங்கினால், நடந்தது 19 அலைவு, வகுப்பது 20ஆல். ‘சுழி’யில் தொடங்க வேண்டும்.

2% குறைவா? நூலை மட்டும் அளந்து, குண்டின் ஆரத்தைச் சேர்க்காமல் விட்டிருக்கலாம். மேலே உள்ள ஊசலில் ஆரம் 1 செ.மீ. என்றால், 99 செ.மீ. என்று போட்டதுமே விடை 9.58 ஆகிவிடும். அதிகமாக இழுத்துவிட்டாலும் விடை குறையும்: 20 பாகை வீச்சில் சுமார் 1.5%. 5 பாகைக்குள் வைத்தால் கவலையில்லை.

கை தாமதம் 0.2 விநாடி என்று கொள்வோம். 40 விநாடியில் அது 0.5%தான், ஆனால் நேரம் வர்க்கமாக வருவதால் முடுக்கத்தில் 1% ஆகும். ஒரே ஒரு அலைவை அளந்தால் அதே தாமதம் 20% வரை இழுத்துவிடும். அதனால்தான் 20 அலைவு.

உண்மை மதிப்பு தெரியாத அளவீடா? பல அளவீடுகளின் சராசரியை உண்மை மதிப்பாகக் கொண்டு, தனிப்பிழைகளின் (ஒவ்வொரு அளவீடும் அந்தச் சராசரியிலிருந்து விலகும் அளவு, குறி இல்லாமல்) சராசரியை அதனால் வகுத்து, 100ஆல் பெருக்கலாம். ஆனால் நூலின் நீளத்தையே தவறாக அளந்திருந்தால், எத்தனை முறை ஆட்டினாலும் இந்தக் கணக்கு அதைக் காட்டாது.