பி.இ. விகிதத்தைப் பத்து வருடத்துக்குப் போட்டுப் பார்ப்பது எப்படி?

ஒரு பங்கின் பி.இ., அதாவது பங்கு ஒன்றுக்கான லாபத்தைப் போல அதன் விலை எத்தனை மடங்கு என்ற எண், 15 என்று எந்தத் தளத்தைத் திறந்தாலும் தெரிந்துவிடும். அது மலிவா, விலை ஏறிப்போனதா என்று அந்த ஒரு எண்ணை வைத்துச் சொல்ல முடியாது. அதே நிறுவனத்துக்குச் சந்தை இதற்கு முன்பு எத்தனை மடங்கு கொடுத்தது என்று பார்க்க வேண்டும். ஒரு எக்செல் ஷீட் போதும்.

படி 1: லாபம்

காலாண்டு முடிவுகளிலிருந்து பங்கு ஒன்றுக்கான லாபத்தை, அதாவது இ.பி.எஸ்.ஸை எடுங்கள். ஒவ்வொரு காலாண்டுக்கும், அதுவரையான கடைசி நான்கு காலாண்டுகளைக் கூட்டினால் ஒரு வருடக் கணக்கு கிடைக்கும். நடுவில் ஸ்பிளிட்டோ (ஒரு பங்கைப் பலதாகப் பிரிப்பது) போனஸோ (இலவசமாகக் கூடுதல் பங்கு தருவது) வந்திருந்தால் கவனம். தளங்கள் பழைய விலையைச் சரிசெய்து காட்டும். பழைய அறிக்கையில் இருக்கும் இ.பி.எஸ். அப்படியேதான் இருக்கும். அதை நீங்கள்தான் சரிசெய்ய வேண்டும்.

படி 2: விலை

மார்ச்சில் முடிந்த காலாண்டின் லாபம் மார்ச் 31 அன்று யாருக்கும் தெரியாது. அதனால் முடிவுகள் வெளியான மறுநாள் விலையை எடுங்கள்.

படி 3: வகுத்தல்

விலையை இ.பி.எஸ்.ஸால் வகுத்து, கோடாக வரையுங்கள். நஷ்டம் வந்த காலத்துக்கு பி.இ. கிடையாது, கட்டத்தைக் காலியாக விடுங்கள். சராசரிக்குப் பதில் மீடியன், அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்ணைப் போடுங்கள். எங்கோ ஓரிடத்தில் 150 என்று வந்தால் சராசரி கெட்டுவிடும்.

படி 4: கோடு ஏன் நகர்ந்தது?

சரி, உண்மையான வேலை இங்கேதான். விலை 200, இ.பி.எஸ். 10 என்றால் பி.இ. 20. சில வருடம் கழித்து விலை 300, இ.பி.எஸ். 20 என்றால் பி.இ. 15. விலை ஏறியும் பி.இ. இறங்கிவிட்டது. அதே 300-க்கு இ.பி.எஸ். 12 மட்டுமே என்றால் பி.இ. 25, லாபம் அவ்வளவாக வளரவில்லை, எதிர்பார்ப்புதான் வளர்ந்திருக்கிறது.

எதிர்பார்ப்பு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு உதாரணம், நெட்வொர்க் கருவிகள் செய்யும் அமெரிக்க நிறுவனமான சிஸ்கோ. 2000 மார்ச்சில் அதன் பி.இ. 100-ஐத் தாண்டியிருந்தது. அடுத்த இருபது வருடத்தில் லாபம் பல மடங்கானது. விலை மட்டும் அந்த இருபது வருடத்திலும் பழைய உச்சத்தைத் தொடவே இல்லை.

ஆனால் பி.இ. அதிகம் என்றாலே ஓட வேண்டியதில்லை. அமெரிக்காவின் பெரிய நிறுவனங்களின் பங்கு விலையைக் காட்டும் எஸ் அண்ட் பி 500 குறியீட்டின் பி.இ. 2009-இல் 100-ஐத் தாண்டியது. விலை ஏறியதால் அல்ல. 2007 உச்சத்திலிருந்து குறியீடு பாதிக்கு மேல் விழுந்திருந்தது, லாபம் அதைவிட மோசமாகச் சரிந்திருந்தது. அப்போது பயந்து விற்றவர்கள் அடிமட்ட விலையில் விற்றார்கள்.

எஃகு, சிமெண்ட் போன்ற ஏற்ற இறக்கத் தொழில்களிலும் இதே தலைகீழ்க் கணக்குதான். லாபம் உச்சத்தில் இருக்கும்போது பி.இ. 5, 6 என்று ஆசை காட்டும். புதியவர்கள் மாட்டுவது பெரும்பாலும் இங்கேதான்.

அப்புறம், நிலத்தை விற்று வந்த லாபம் போல ஒருமுறை மட்டும் வருவதும் பி.இ.யைத் தற்காலிகமாகக் குறைத்துக் காட்டும். அப்படிப்பட்ட காலாண்டுகளுக்குப் பக்கத்துக் கட்டத்தில் காரணத்தை எழுதிவையுங்கள். அந்தத் தொகையைக் கழித்துவிட்டு மீடியனை மறுபடி போட்டுப் பாருங்கள். சில நேரம் நன்றாகவே மாறும்.