பூவோடு மன ஆறுதலும் தருவது எப்படி? புதிய பூக்கடைக்காரர்களுக்கு ஒரு செய்முறை

பூக்கடைக்கு வருபவர்களில் பலர் வேறு யாருக்கோ வாங்க வருகிறார்கள். பிறந்தநாள், திருமணம், துக்கம் என்று ஏதாவது ஒரு காரணம் இருக்கும். "மனசு சரியில்லை, வீட்டில் வைக்க ஏதாவது கொடுங்க" என்று தனக்காகக் கேட்டு வருபவர்கள் குறைவு. அப்படி வரலாம் என்பதே பலருக்குத் தோன்றுவதில்லை. அவர்களை எப்படி வரவழைப்பது, வந்தவருக்கு உண்மையாகவே பயன்படும்படி எப்படிப் பூ கொடுப்பது என்று இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: ஆய்வுகள் சொல்வதைத் தெரிந்துகொள்ளுங்கள்

வாடிக்கையாளரிடம் பேசும் முன் நமக்கே விஷயம் தெளிவாக இருக்க வேண்டும். அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளவியலாளர் ஜீனெட் ஹாவிலண்ட்-ஜோன்ஸ் குழுவினர் 2005-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பூங்கொத்து கையில் வந்ததும் பெண்கள் முகத்தில் வந்தது கண்ணும் சேர்ந்து சுருங்கும் சிரிப்பு. மரியாதைக்காகச் சிரிக்கும்போது பெரும்பாலும் உதடு மட்டும்தான் விரியும், கண் சுருங்காது. மூன்று நாள் கழித்துக் கேட்டபோதும் அவர்கள் மனநிலை மேலாகவே இருந்தது. அந்த ஆய்வுக்குப் பூ வணிகர் சங்கத்தின் நிதியுதவி இருந்தது என்பதையும் மனதில் வையுங்கள். யாராவது கேட்டால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

2008-இல் வெளியான இன்னொரு ஆய்வு, குடல்வால் அறுவை சிகிச்சை செய்துகொண்ட 90 பேரைப் பற்றியது. அறையில் பூச்செடிகளும் இலைச்செடிகளும் இருந்தவர்களுக்கு வலி மருந்து குறைவாகத் தேவைப்பட்டது. பதற்றமும் சோர்வும் குறைந்திருந்தன. 2020-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், பூவின் படத்தைப் பார்ப்பதே ரத்த அழுத்தத்தையும் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனையும் குறைப்பதாகக் கண்டார்கள்.

இவ்வளவு போதும். எண்களை மனப்பாடம் செய்து வாடிக்கையாளரிடம் ஒப்பிக்க வேண்டாம்.

படி 2: சொல்லக் கூடாததையும் தெரிந்துகொள்ளுங்கள்

"செடி வைத்தால் வீட்டுக் காற்று சுத்தமாகிவிடும்" என்று பல கடைகளில் எழுதி வைத்திருக்கிறார்கள். 1989-இல் நாசா செய்த சோதனையிலிருந்து வந்த பேச்சு அது. ஆனால் அந்தச் சோதனை நடந்தது, மூடி அடைத்த சிறு பெட்டிகளில். சாதாரண அறையில் கதவு, ஜன்னல் வழியாகக் காற்று மாறிக்கொண்டே இருக்கும். அங்கே நாலைந்து செடிகளால் பெரிதாக எதுவும் நடப்பதில்லை என்று பிற்கால ஆய்வுகள் காட்டிவிட்டன. அந்தப் பலகை உங்கள் கடையில் இருந்தால் எடுத்துவிடுங்கள்.

அதேபோல "மனச்சோர்வைப் போக்கும்", "தூக்கமின்மைக்கு மருந்து" என்றெல்லாம் எழுதாதீர்கள். உண்மையிலேயே நோயால் அவதிப்படும் ஒருவர் அதை நம்பி வந்து ஏமாந்தால், அந்தப் பாவம் நம்மைச் சேரும். "பார்க்கும்போது மனசு கொஞ்சம் லேசாகும்" என்று சொல்லுங்கள். அது உண்மை, அதுவே போதும்.

படி 3: கேளுங்கள், பிறகு பூவைத் தொடுங்கள்

என்னைக் கேட்டால், எல்லாப் படிகளிலும் முக்கியமானது இதுதான். "எவ்வளவு ரூபாயில் வேண்டும்?" என்று தொடங்காமல், இந்த நான்கையும் கேட்டுப் பாருங்கள்.

*எங்கே வைக்கப் போகிறீர்கள்?* வரவேற்பறை நடுவில் பெரிதாக வைப்பதைவிட, அந்த மனிதர் அதிக நேரம் இருக்கும் இடத்தில் கண் படும் உயரத்தில் மூன்று பூ வைப்பது மேல். வேலை செய்யும் மேஜை, பாத்திரம் கழுவும் இடத்துக்கு மேலே உள்ள ஜன்னல், படுக்கை ஓரம். படுத்த படுக்கையாக இருப்பவருக்கென்றால் சாடி தாழ்வாக இருக்கட்டும். நின்று பார்க்கும்போது அழகாகத் தெரியும் கொத்து, படுத்திருப்பவருக்கு வெறும் காம்பாகத்தான் தெரியும்.

*தண்ணீர் மாற்ற யார் இருக்கிறார்கள்?* முடியாதவருக்கு இரண்டு கையாலும் தூக்க வேண்டிய கண்ணாடிச் சாடியைக் கொடுத்தால் அது ஆறுதலா, வேலையா? சிறிய, கனமில்லாத சாடி போதும்.

*வாசனை பிடிக்குமா?* மூக்கில் ஏறும் மணம், மூளையில் உணர்ச்சியையும் நினைவையும் கவனிக்கும் பகுதிகளுக்கு மிக நெருங்கிய பாதையில் போய்ச் சேர்கிறது. அதனால்தான் ஒரு மணம் சட்டென்று பழைய ஒரு நாளைக் கொண்டுவந்து நிறுத்துகிறது. அந்த நாள் நல்ல நாளாக இருக்க வேண்டும் என்பதில்லையே! ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கும், குமட்டல் தரும் சிகிச்சையில் இருப்பவர்களுக்கும் மணமில்லாத பூ கொடுப்பதே நல்லது.

*வீட்டில் பூனை இருக்கிறதா?* இதை ஒருபோதும் விடாதீர்கள். லில்லியின் இதழ், இலை, மகரந்தம், சாடித் தண்ணீர் எல்லாமே பூனைக்கு விஷம். கொஞ்சம் நக்கினாலே சிறுநீரகம் செயலிழக்கக்கூடும். "ஆமாம்" என்று பதில் வந்தால் லில்லியை அப்படியே ஒதுக்கிவிடுங்கள். மகரந்தப் பையை மட்டும் கிள்ளிவிட்டுக் கொடுப்பது போதாது.

பூ மருத்துவமனைக்குப் போகிறது என்றால் முதலில் அந்த வார்டில் அனுமதி உண்டா என்று விசாரிக்கச் சொல்லுங்கள். தீவிர சிகிச்சைப் பிரிவிலும், நோய் எதிர்ப்பு சக்தி குறைந்தவர்கள் இருக்கும் இடங்களிலும் பெரும்பாலும் விடமாட்டார்கள்.

படி 4: நாளுக்கு நாள் மாறும் பூக்களைத் தேர்ந்தெடுங்கள்

முழுக்க மலர்ந்த கொத்து, கொடுக்கும் நிமிடத்தில் பிரமாதமாக இருக்கும். ஆனால் மறுநாள் முதல் அது வாடுவதை மட்டும்தான் பார்க்க முடியும். பாதி மொட்டும் பாதி மலர்ச்சியுமாகக் கொடுங்கள். காலையில் எழுந்ததும் "நேற்று மூடியிருந்தது, இன்று விரிந்திருக்கிறதே" என்று போய்ப் பார்க்க ஒரு காரணம் கிடைக்கும். டூலிப் சாடியிலும் வளரும், வெளிச்சம் வரும் பக்கம் திரும்பும். தனியாக இருப்பவர்களுக்கு அதைப் பார்த்துக்கொண்டிருப்பதே ஒரு துணை.

நீண்ட நாள் நிற்க வேண்டும் என்றால் கார்னேஷன், சாமந்தி, ஆல்ஸ்ட்ரோமீரியா. நன்றாகப் பார்த்துக்கொண்டால் இரண்டு வாரம் வரைகூட நிற்கும். நிறத்தைப் பொறுத்தவரை, நீலம் அமைதி தரும், மஞ்சள் உற்சாகம் தரும் என்ற பட்டியல்களை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அவருக்குப் பிடித்த நிறம் எது என்று கேட்டால் வேலை முடிந்தது.

படி 5: அடுக்கும் வேலையை அவரிடமே கொடுங்கள்

கடை மூலையில் ஒரு சின்ன மேஜை, ஒரு கத்தரிக்கோல், ஒரு வாளித் தண்ணீர். ஐந்து காம்புகளைக் கொடுத்து "நீங்களே வையுங்க" என்று சொல்லுங்கள். எப்படி என்று இப்படிக் காட்டுங்கள்:

1. சாடியைச் சோப்புப் போட்டுக் கழுவி, முக்கால் அளவு தண்ணீர் ஊற்றவும்.
2. தண்ணீருக்குள் போகும் இலைகளை எல்லாம் உருவிவிடவும். உள்ளே இருந்தால் அழுகும்.
3. காம்பின் அடியை இரண்டு சென்டிமீட்டர் சாய்வாக வெட்டி, உடனே தண்ணீரில் வைக்கவும்.
4. ஒரு பூ வைத்ததும் சாடியைக் கொஞ்சம் திருப்பிவிட்டு அடுத்ததை வைக்கவும்.

நடுவில் கையை நீட்டித் திருத்தாதீர்கள். கோணலாக இருந்தால் இருக்கட்டும். அந்தப் பத்து நிமிடம் கை ஒரு வேலையில் இருந்தது, போனைத் தொடவில்லை. வாரம் ஒருநாள் நாலைந்து பேரைச் சேர்த்து உட்காரவைத்தால், அறிமுகமில்லாதவர்கள் பேசிக்கொள்ளவும் வழி பிறக்கும்.

படி 6: ஒரு சீட்டு எழுதி வையுங்கள்

நான்காம் நாளே நாறும் சாடி யாருக்கும் ஆறுதல் தராது. கையெழுத்தில் இவ்வளவு எழுதுங்கள்: "இரண்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றவும். அப்போது காம்பைக் கொஞ்சம் வெட்டவும். வெயிலும் மின்விசிறிக் காற்றும் நேராகப் படாத இடத்தில் வைக்கவும். பழுத்த பழங்களின் பக்கத்தில் வேண்டாம்." பழத்திலிருந்து வரும் எத்திலீன் வாயு பூவைச் சீக்கிரம் வாடவைக்கும் என்பதை வாயால் சொல்லிவிடுங்கள். காரணம் தெரிந்தால் மறக்க மாட்டார்கள்.

படி 7: நாலு பேருக்குத் தெரியப்படுத்துங்கள்

கடை வாசலில் "உங்களுக்காக ஒரு பூ" என்று எழுதி, ஒற்றைக் காம்புகளைத் தனியாக வையுங்கள். தனக்காகச் செலவு செய்யத் தயங்குபவர்கள் அங்கிருந்துதான் தொடங்குவார்கள். சமூக வலைத்தளத்தில் முதல் நாள் படத்தோடு ஆறாம் நாள் படத்தையும் போடுங்கள். வாரம் ஒருமுறை பூ அனுப்பும் திட்டம் இருந்தால், அளவு சின்னதாக இருக்கட்டும், தவறாமல் போகட்டும். முதியோர் இல்லங்களைக் கேட்டுப் பாருங்கள். விற்காமல் மீந்த நல்ல பூக்களைக் கொண்டுபோய் அங்கிருப்பவர்களோடு சேர்ந்து அடுக்கலாம். அவர்களைப் படம் எடுத்துப் போடுவது அனுமதி இருந்தால் மட்டும்.

அப்புறம், துக்க வீட்டுக்குப் பூ வாங்க வருபவரிடம் கேட்க வேண்டிய ஒன்று இருக்கிறது. முதல் மூன்று நாள் வீடு நிறையப் பூவும் ஆளும் இருக்கும். ஒரு மாதத்தில் யாரும் இருக்க மாட்டார்கள். "பாதியை இப்போது அனுப்புகிறேன், மீதியை அடுத்த மாதம் இதே தேதியில் அனுப்பட்டுமா?" என்று கேளுங்கள். சரி என்றால், அவர் எதிரிலேயே அந்தத் தேதியை நாட்குறிப்பில் எழுதிக்கொள்ளுங்கள்.